இரண்டு லைன் வாங்கினோம், இரண்டும் ஒரே குழாயில்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடியில் ஒரு டைல்ஸ் கடையில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர், நெட் வேலையும் என் தலையில்தான். கடை இங்கே, பட்டறை ஆத்தங்குடியில். டூவீலரில் போனால் அரை மணி நேரம். பில் போடுகிற டேலி என்ற கணக்கு மென்பொருள் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பட்டறையில் இருப்பவர்கள் நெட் வழியாக அதற்குள் வந்துதான் பில் எடுத்து லாரியை அனுப்புகிறார்கள்.

இதற்காக இரண்டு இடத்து ரூட்டருக்கும் நடுவில் ஒரு விபிஎன் டனல், அதாவது நெட்டுக்குள்ளேயே வெளியாள் நுழைய முடியாத தனி வழி, போட்டிருக்கிறோம். ஆரம்பத்தில் அதுவே பெரிய பாடாக இருந்தது. ரூட்டரைக் கம்பெனியிலிருந்து வந்தபடியே விட்டதால், கம்ப்யூட்டர்களுக்கு வீட்டு எண் மாதிரி இருக்கும் முகவரி இரண்டு இடத்திலும் 192.168.1 வரிசையிலேயே இருந்தது. பட்டறைக் கம்ப்யூட்டர் கடையைத் தேடும்போது, அது தன் கட்டிடத்துக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு வெளியே ஒரு துண்டுத் தகவலையும் அனுப்பவில்லை. இரண்டு நாள் திண்டாடிவிட்டுப் பட்டறையை 192.168.2 என்று மாற்றிய பிறகுதான் வழி பிறந்தது. இதே மாதிரி இரண்டு கிளை வைத்திருக்கும் மருந்துக் கடைக்காரர்களும் ஜவுளிக் கடைக்காரர்களும் முதலில் இதைப் பாருங்கள். டேலி கம்ப்யூட்டரை டனல் இல்லாமல் நேரே நெட்டில் திறந்து வைக்காதீர்கள். அது கடைச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவது போல.

அப்புறம், ஒரு லைன் போனால் வேலை நிற்கக் கூடாது என்று பட்டறைக்கு வேறு ஒரு கம்பெனியிடம் இரண்டாவது பைபர் இணைப்பும் வாங்கினோம். மாதா மாதம் இரண்டு பில் கட்டுகிறோம். முதல் டனல் விழுந்தால் ரூட்டர் தானாகவே அடுத்ததுக்கு மாறும்படி, எந்த வழி முதலில், எது அடுத்து என்று சொல்லும் மெட்ரிக் எண்ணைக் கொடுத்து வைத்தேன். ஒயரைப் பிடுங்கிச் சோதித்தேன், சரியாக மாறியது.

சென்ற மாதம் ஒரு நாள் காலை இரண்டு டனலும் ஒரே நிமிடத்தில் விழுந்தன. பட்டறையில் கைபேசிக்கும் சிக்னல் இல்லை. பெங்களூருக்குப் போக வேண்டிய லோடு லாரியில் ஏறிவிட்டது. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு, இ-வே பில் என்கிற ஜிஎஸ்டி சரக்குப் போக்குவரத்துச் சீட்டை நெட்டில் எடுக்காமல் நகர முடியாது. கடைசியில் பட்டறைப் பையன் சரக்குச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் காரைக்குடி வந்தான். நான் பில் போட்டு, இ-வே பில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். லாரி நாலு மணி நேரம் நின்றது.

மதியம் நானே போய்ப் பார்த்தேன். சாலையோரம் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய பொக்லைன், கேபிளைக் கிழித்துப் போட்டிருந்தது. ஒரு தம்பி குடையை நட்டு அதன் கீழ் உட்கார்ந்து, முடி மாதிரி இருக்கும் பைபர் இழைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். சின்னத் திரையில் இரண்டு முனையும் நேர்கோட்டில் வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார். காற்றில் ஒரு தூசி பறந்தாலும் திரும்ப முதலிலிருந்து. "அண்ணே, இந்த ஒரே குழாயிலதான் மூணு கம்பெனி கேபிளும் டவர் கேபிளும் போகுது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு கம்பெனிக்குக் காசு கட்டியும் எங்களுக்குக் கிடைத்தது ஒரே பாதை.

தகவல் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் பட்டறையிலிருந்து கடைக்கு வருகிற தகவல் சென்னை வரை போய்த்தான் திரும்புகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது, பில் போடுகிறவருக்குத் தாமதமே தெரியாது. அவ்வளவு தூரம் பத்திரமாகப் போய் வருவது, ஊர் வாசலில் ஒரு பள்ளத்தில் அறுந்து போகிறதே என்பதுதான் என் வருத்தம்.

இரண்டாவது இணைப்பு விற்கிறவர்கள், அது எந்தச் சாலை வழியாக, எந்தக் கம்பம் வழியாக வருகிறது என்பதை எழுத்தில் தர வேண்டும். வாங்குகிறவர்களும் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்கவில்லை, அது என் தவறு. இப்போது மூன்றாவதாக, வேறு திசையில் இருக்கும் டவரைப் பார்த்துப் பட்டறை மொட்டை மாடியில் ஒரு 4ஜி ரூட்டர் வைத்திருக்கிறேன். அந்த வழியில் பில் மட்டும்தான் போகும், சிசிடிவி படம் போகாதபடி தடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பைபரையும் பிடுங்கிப் பார்க்கிறோம்.

தோண்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேபிள் போட்டவர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லவென்றே மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியைக் கொண்டுவந்தது. அன்று அந்தப் பள்ளத்தருகில் நின்ற மேஸ்திரியிடம் கேட்டேன், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. காரைக்குடி மாநகராட்சியும் சுற்றுவட்டார ஊராட்சிகளும் நெடுஞ்சாலைத் துறையும் குழாய், சாக்கடை, சாலை வேலைக்கு ஒப்பந்தம் விடும்போது, அந்தச் செயலியில் பதிவு செய்த நகலைக் காட்டினால்தான் தோண்ட அனுமதி என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். தங்கள் நாளிதழ் இதை அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுபோகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டைல்ஸ் கடைக் கணக்கர்,
காரைக்குடி