ஒரு வடிகட்டியை நிறுத்த முடியுமா?

குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மேம்பாட்டுத் திட்டம் தீட்டும் பொறியாளர்களுக்கும், அதற்கு நிதி ஒதுக்கும் நகர நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

திட்ட அறிக்கை என்றாலே முதல் பக்கத்தில் கொள்ளளவு வந்து நிற்கும். இன்று இத்தனை கோடி லிட்டர், இருபது ஆண்டு கழித்து இத்தனை. பல ஆண்டுகள் இந்த வேலையில் ஷிஃப்ட் பார்த்தவன் என்ற முறையில் நான் கேட்பது வேறு: உங்கள் நிலையத்தில் தண்ணீரை மணல் வழியே வடிக்கும் ஒரு வடிகட்டியை மூன்று வாரம் நிறுத்திவைக்க முடியுமா?

நான்கு வடிகட்டிகளும் முழு வேகத்தில் ஓடுகின்றன என்று வையுங்கள். ஒன்றைப் பழுதுபார்க்க நிறுத்தினால், மற்ற மூன்றும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுமக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து இன்னொன்றுக்கு பேக்வாஷ் (கீழிருந்து தண்ணீரைத் தள்ளி மணலைக் கழுவும் வேலை) வந்தால், மிச்சம் இரண்டு. ஆளுக்கு இரட்டைச் சுமை. வேகம் கூடக்கூட மணலில் தங்கிய கசடு பிய்த்துக்கொண்டு கீழே இறங்கும். அந்தப் பயத்தில்தான் யாரும் நிறுத்தத் துணிவதில்லை. மணல் உருண்டை கட்டுகிறது, அடியில் தண்ணீர் போய்வரும் துளைக்குமிழ்களான நாசில்கள் அடைக்கின்றன, கழுவும்போது ஒரு மூலை கொதிப்பதுபோல் குமுற மறு மூலை அசையாமல் கிடக்கிறது. பராமரிக்கவில்லை என்று ஊழியரைத் திட்டுவது எளிது; நிறுத்துவதற்கு வழியே இல்லாமல் வரைபடம் போட்டது அவர்கள் அல்லவே.

1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக் கிருமி. வழக்கமான அளவு குளோரினுக்கு அது சாகாது. வடிகட்டிதான் பிடித்திருக்க வேண்டும். கலங்கல் ஏறியிருந்தும் அன்றைய விதியின் வரம்பை அது தாண்டவில்லை. அதைப் படித்ததிலிருந்து, பதிவேட்டில் 'வரம்புக்குள்' என்று பார்த்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை. எல்லாம் கலந்து வெளியேறும் இடத்தில் மட்டும் அளந்தால், நல்ல மூன்று சேர்ந்து கெட்ட ஒன்றை மறைத்துவிடும். ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனியாகக் கலங்கல்மானி வையுங்கள். கழுவி முடித்ததும் சிறிது நேரம் கலங்கலாகத்தான் வரும். அந்தத் தண்ணீரைச் சுத்தநீர்த் தொட்டிக்கு விடாமல் வெளியேற்ற ஒரு குழாயும் வால்வும் இல்லாவிட்டால், புதிய கட்டடத்துக்கு முன்னால் அதைப் போடுங்கள்.

மானி வாங்கினால் மட்டும் ஆயிற்றா? 2000இல் கனடாவின் வாக்கர்டன் ஊரில் கெட்ட குடிநீரால் 7 பேர் இறந்தார்கள். குளோரினைச் சோதிக்காமலே பதிவேட்டில் எண் எழுதி வந்தது விசாரணையில் தெரிந்தது. மானியைச் சரிபார்க்கும் ஆளும் அதற்கான கரைசலும் ஆண்டுச் செலவுக் கணக்கில் இருக்க வேண்டும். பம்ப், ஜெனரேட்டர் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவை நின்றால் ஊரே கத்தும், நிதி தானாக வரும். மணல் சத்தம் போடாது.

ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் ஓர் இரவு நிலையத்துக்குப் போங்கள். எந்த வால்வு முழுதாக மூடாது என்று ஷிஃப்டில் இருப்பவரிடம் கேளுங்கள். காகிதம் பார்க்காமல் வரிசையாகச் சொல்வார்.

இப்படிக்கு,
பழைய ஷிஃப்ட் ஊழியன்