ஒரே விகித வரி யாருக்கு லாபம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வருமான வரியில், வருமானம் கூடக் கூட விகிதமும் கூடும் படிநிலைகளை ஒழித்து எல்லோருக்கும் ஒரே விகிதம் வைப்பதே நியாயம் என்று வாதிடும் நடுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். கணக்குப் போட்டால் அந்த நியாயம் நிற்கவில்லை. புதிய வரி முறையில், 2025–26 நிதியாண்டில் வரிக்குரிய சம்பள வருமானம் 16 லட்சம் உள்ளவர் செஸ் (வரித் தொகையின் மேல் விதிக்கப்படும் கூடுதல் தீர்வை) நீங்கலாகக் கட்டுவது 1.20 லட்சம் ரூபாய். 30 லட்சம் உள்ளவர் கட்டுவது 4.80 லட்சம். முதல் 4 லட்சத்தை விட்டுவிட்டு மீதிக்கு ஒரேயடியாக 16 சதவீதம் என்று வைத்தால், முன்னவருக்கு 72,000 ரூபாய் கூடும். பின்னவருக்கு 64,000 ரூபாய் குறையும். சமத்துவம் என்ற பெயரில் பாரம் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். 2001-இல் 13 சதவீத ஒரே விகிதத்துக்கு மாறிய ரஷ்யாவே, 2025 முதல் 13-இலிருந்து 22 சதவீதம் வரை ஐந்து படிகள் வைத்துவிட்டது.

எளிமை என்ற வாதமும் ஏற்கத்தக்கதல்ல. பிறருக்கு வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருவது என் தொழில். ஜூலை மாதத்தில் என் நேரத்தைத் தின்பவை, கழிவுகள் கோருவதற்காகப் பழைய வரி முறையில் நீடிப்பவர்கள் கொண்டுவரும் வாடகை ரசீதுகளும் பிரீமியம் ரசீதுகளும்தான். விகிதத்தைக் கணினி நொடியில் போட்டுவிடும். ஒரே விகிதம் ஏற்கெனவே ஓரிடத்தில் இருக்கிறது: பட்டியலிடப்பட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றுப் பெறும் நீண்டகால ஆதாயத்தில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு, யாராக இருந்தாலும் அடிப்படை விகிதம் 12.5 சதவீதமே. கோடிக்கணக்கில் ஆதாயம் பெறுவோருக்காவது அதையும் படிநிலைக்குக் கொண்டுவர நிதியமைச்சகம் அடுத்த பட்ஜெட்டில் பரிசீலிக்கலாம்.

– வரி ஆலோசகர் ஒருவர், ஈரோடு