டிச் பட்டன் போதும், சுமதி

திருப்பூர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அத்தை தேறிவிட்டார்; பழையபடி திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் விசாரிக்கிறார். விஜிக்குப் பேரன் பிறந்திருக்கிறான், உனக்கும் சொல்லியிருப்பாள். நம் ஹாஸ்டல் வார்டனை உழவர் சந்தையில் பார்த்தேன். அதே கொண்டை, அதே கேள்வி: “அந்த ஸ்க்ரூடிரைவர் பிள்ளை எங்கே இருக்குது?” பெங்களூரில்தான் இருக்கிறாள், இன்னும் திருந்தவில்லை என்று சொல்லி வைத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் செய்கிற, இதயத் துடிப்பைப் பதிவு பண்ணுகிற இசிஜி பனியனைப் பற்றி மூன்று பக்கம் ஆசை ஆசையாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறாயே: “போர்டு, பேட்டரி எல்லாவற்றையும் துணிக்குள்ளேயே வைத்து சிலிக்கோன் ஊற்றி மூடிவிடலாம், வெளியே ஒன்றுமே தெரியாது.” அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேண்டாம்டி. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசியே என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. அத்தைக்குப் படபடப்பு வந்தபோது ஒரு நாள் முழுக்க ஹோல்ட்டர், அதுதான் துடிப்பைப் பதிவு பண்ணுகிற கருவி, கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நெஞ்சில் ஒட்டின எலக்ட்ரோடு வில்லைகள், அதிலிருந்து ஒயர்கள், இடுப்பில் ஒரு பெட்டி. சித்திரை வெயில் வேறு. வேர்வையில் வில்லையின் ஓரம் பிரிய, நான் பிளாஸ்திரி போட்டு ஒட்ட, பசை பட்ட இடமெல்லாம் அரிக்க, அவர் ராத்திரி கண்ணே மூடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வில்லையின் நடுவில் நின்ற குமிழ் மேலேயே கண். நாலு மில்லிமீட்டர் தலை, அதில் ‘டக்’கென்று மாட்டும் ஒயர் முனை. டிச் பட்டன்! கைக்குழந்தை உடுப்புக்கு நாங்கள் தினமும் அடிக்கிற அதே ஆண்-பெண் பட்டன். ஆஸ்பத்திரிக்கும் பனியன் கம்பெனிக்கும் ஏற்கெனவே பொதுவாக ஒரு பட்டன் இருக்கும்போது, இந்தக் கிழவி ஏன் பசையோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியதுதான்.

இப்போது மேஜை மேல் இருக்கிற சாம்பிளைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். நூல், வெள்ளி முலாம் பூசிய நைலான். இதை எங்கள் வழக்கமான வட்ட நிட்டிங்கில் விட முடியாது. சிலிண்டர் சுற்றுகிற மெஷின். வெள்ளி நூலும் உடம்பைச் சுற்றி முழு வளையமாக வந்துவிடும், இடது எலக்ட்ரோடும் வலது எலக்ட்ரோடும் ஒன்றாகிவிடும். அதனால் காலர் பின்னுகிற பிளாட் மெஷினில் தனித்தனி வில்லைகளாகப் பின்னினோம். பிளேட்டிங் போட்டு, அதாவது இரண்டு நூலைச் சேர்த்து விட்டு, உள்பக்கம் வெள்ளி தோலைத் தொடும்படி, வெளிப்பக்கம் சாதா நைலான். விரலால் தடவிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான்.

வில்லையிலிருந்து பட்டன் வரைக்கும் போகிற பாதையையும் வெள்ளி நூலில்தான் தைத்திருக்கிறோம். அதை பாபினில் சுற்றி அடி நூலாக விட வேண்டும். மேல் நூலாக விட்டால் டென்ஷன் தட்டிலும் ஊசிக் காதிலும் உரசி முலாம் உரிந்து அறுந்துபோகிறது. தையல் ஜிக்ஜாக், அப்போதுதான் லைக்ரா இழுபடும்போது நூலும் கூடவே விரியும். முடிக்கிற இடத்தில் நுனியை ஒட்ட வெட்டி நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. ஒரு பிசிறு பக்கத்துக் கோட்டைத் தொட்டால் போதும், உன் திரையில் இதயத் துடிப்பு நேர்கோடாகிவிடும்.

ஆனால் உயிர் இருக்கிறது பட்டன் அடிக்கிற இடத்தில். துணி இழுபடும், பட்டன் இழுபடாது. இரண்டும் சேர்கிற விளிம்பில் நூல் ஒவ்வொரு மூச்சுக்கும் வளைந்து நிமிர்ந்து, அங்கேதான் அறுகிறது. நடுவழியில் அறுந்து நான் பார்த்ததில்லை. பட்டனுக்கு அடியில் ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்கு பியூசிங் கேன்வாஸ், அந்த இஸ்திரி போட்டு ஒட்டுகிற கெட்டித் துணி, வைத்து, அதன் மேல் வெள்ளி நூலைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, பட்டனின் பல் அந்தச் சுற்றுகளைக் கடிக்கும்படி அடித்த பிறகு நிலைமை மாறியது. இப்போது நீயே யோசி. உன் போர்டை சிலிக்கோனோடு உள்ளே வைத்தால் அது ஒரு பெரிய கெட்டிக் கட்டி. அதன் நாலு பக்கமும் விளிம்பு. எந்த விளிம்பில் எந்த நூல் போனது என்று பிரித்துப் பார்க்கவும் முடியாது. பாலு சார் வகுப்பில் சொன்ன விமானக்காரர் உடுப்பை மறந்துவிட்டாயா? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் குளிருக்குப் போட்ட மின்சார உடுப்பு. முதலில் வந்ததில் கம்பிகள் எல்லாம் ஒரே தொடர். எங்கேயாவது ஓர் இடத்தில் அறுந்தால் மொத்த உடுப்பும் சில்லிட்டுப்போகும். பிறகுதான் ஒன்று அறுந்தாலும் மற்றவை ஓடும்படி பேரலலாக மாற்றினார்கள். அன்றைக்கு பெஞ்சைத் தட்டிச் சிரித்தவள் நீ.

துணியில் மின்சாரம் ஓட்டுவதை ஏதோ புதுச் சங்கதி போல எழுதியிருக்கிறாய். 1997-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் ரெஹ்மி போஸ்ட்டும் மேகி ஓர்த்தும் எழுதிய கட்டுரையைப் படி. அவர்கள் சர்க்யூட் போட எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? பட்டு இழை மேல் தாமிரத் தகட்டைச் சுற்றி, அதை ஊடையாக விட்டு நெய்த பட்டுத் துணி. இந்த மாதிரித் துணியை இந்தியாவில் குறைந்தது நூறு வருஷமாக அலங்காரத்துக்கு நெய்கிறார்கள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிற ஜரிகைதான்! என் கல்யாணப் பட்டின் முந்தானையில் மல்ட்டிமீட்டரை வைத்தேன், ‘பீப்’ என்றது, மின்சாரம் ஓடுகிறது. போன வருஷம் எடுத்த ஒரு சேலையில் வைத்தேன், மூச்சே இல்லை, பிளாஸ்டிக் ஜரிகை. அத்தை அதைப் பார்த்துவிட்டுத் தெருவிலிருக்கிற சேலையெல்லாம் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1996-ல், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் சுந்தரேசன் ஜெயராமன் ஆரம்பித்த வேலை இன்னும் முக்கியம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் போனவர். பணம் கொடுத்தது அமெரிக்கக் கடற்படை. சிப்பாய்க்குக் குண்டு எங்கே பட்டது, நாடி எப்படி இருக்கிறது என்று சட்டையே சொல்ல வேண்டும். உடம்புப் பகுதியை வெட்டித் தைக்காமல், குழாயாகவே, கைக்குழியோடு நெய்தார்கள், குண்டு பட்ட இடத்தைக் காட்டுகிற ஒளி இழை நடுவில் அறுபடாமல் சுற்றி வர வேண்டுமே. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அணியும் மதர்போர்டு’. மதர்போர்டு என்றால் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சட்டை பாதையைப் போட்டுக் கொடுக்கும். எந்தக் கருவி தேவையோ அது வந்து மாட்டிக்கொள்ளும், வேலை முடிந்ததும் கழன்றுகொள்ளும். துணிக்காரி என்ற முறையில் எனக்கு அது அப்படியே பிடித்துப்போனது. துணியின் ஆயுசு வேறு, உன் சிப்பின் ஆயுசு வேறு.

கூகுளும் லீவைஸும் சேர்ந்து 2017-ல் ஒரு டெனிம் ஜாக்கெட் விற்றார்கள், 350 டாலர். மணிக்கட்டில் மின்சாரம் கடத்தும் நூலை நெய்து, அதைத் தடவினால் போனில் பாட்டு மாறும். 2023-ல் அதன் செயலியை நிறுத்திவிட்டார்கள். நல்ல வேளை, மின்னணுத் துண்டு கையில் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தது. வித்தை போனாலும் ஜாக்கெட்டை இன்னும் போட்டுக்கொள்ளலாம். உன் சிலிக்கோன் பனியனுக்கு அந்த நிலைமை வந்தால்? நெஞ்சுக்கு நடுவில் செத்த பேட்டரியோடு யார் போட்டுக்கொள்வார்கள்?

துவையலைப் பற்றியும் நீ ஒன்றும் எழுதவில்லை. தண்ணீரில் நனைவதை இந்த வெள்ளி தாங்கும். பிளீச்சைத் தாங்காது. எங்கள் ஊர் வழக்கமோ, சாயம் ஏறாத கிரே துணியாகப் பின்னி, பெராக்சைடில் பிளீச் பண்ணி, அப்புறம் சாயம். அந்த வழியில் அனுப்பினால் வெள்ளி கறுத்து, மின்தடையின் ஓம் கணக்கு எங்கேயோ போய்விடும். ஆகவே முதலிலேயே சாயம் போட்ட நூலை வாங்கி, வெள்ளி வில்லையைக் கடைசியில்தான் சேர்க்கிறோம். செலவு கூடுதல்தான். இருக்கட்டும். செக்கிங்கில் இன்னொரு சங்கதி: குழந்தை உடுப்பு ஊசி டிடெக்டரைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போக வேண்டும். வெள்ளி நூலுக்கும் பித்தளைப் பட்டனுக்கும் அது பேசாமல் இருக்கிறது. உன் பேட்டரியின் இரும்பு உறையைக் கண்டால் அலறும். பிறகு உடைந்த ஊசி உள்ளே இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

சுமதி, இதை மட்டும் நிதானமாகப் படி. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவில் சாயப் பட்டறைகளையெல்லாம் மூடியபோது நான் இங்கேதான் இருந்தேன். சாயக் கழிவில் நொய்யல் ஆறு என்ன நிறத்தில் ஓடியது, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் கீழே இருக்கிற காட்டை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். வெள்ளி கிருமியைக் கொல்லும் என்று சொல்லித்தான் சாக்ஸ் விற்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்பதும் கிருமிதானே? உடம்பு முழுக்க வெள்ளி நூல் விட்டு ஒரு பனியன், அதில் லட்சக்கணக்கில் ஆர்டர் என்று யாராவது கேட்டால் நான் பின்ன மாட்டேன். மூன்று சின்ன வில்லை, ஒரு முழம் நூல், அதற்கு மேல் ஒரு இஞ்ச் வேண்டாம்.

பழந்துணி எங்கே போகிறது என்பதையும் நீ ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். கட்டிங் வேஸ்ட்டும் பழைய பனியனும் குடோனுக்குப் போகும். பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். எலாஸ்டிக், பட்டன், லேபிள் எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டு மெஷினில் கிழித்துப் பஞ்சாக்குவார்கள். அது மறுபடி நூலாகும். அந்தக் குவியலில் ஒரு லித்தியம் பேட்டரி, வெளியே ஒன்றுமே தெரியாமல், சிலிக்கோனுக்குள் ஒளிந்திருந்தால்? கிழிக்கிற பல்லில் மாட்டினால் தீப்பிடிக்கும், சுற்றிலும் பஞ்சு. “வெளியே ஒன்றுமே தெரியாது” என்று நீ பெருமையாக எழுதிய வரி எனக்கு இங்கேதான் பகீரென்றது. தெரிய வேண்டும். அந்தப் பெண் இரண்டு விரலால் இழுத்தால் கழன்று கையோடு வர வேண்டும்.

சரி, திட்டினது போதும். உன்னிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. பெட்டி தீப்பெட்டி அளவைத் தாண்டக் கூடாது. அடியில் மூன்று பெண் பட்டன், சம இடைவெளி வேண்டாம். ஒரு பக்கம் நெருக்கி வை, அத்தை இருட்டில் மாட்டினாலும் தலைகீழாக மாட்ட முடியாதபடி. காய்ந்த தோலில் சிக்னல் முதலில் தள்ளாடுகிறது. வில்லையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டால், அல்லது வேர்க்க ஆரம்பித்தால், அடங்கிவிடுகிறது. பசை இல்லாத எலக்ட்ரோடுக்கு ஏற்ற மாதிரி உன் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்தடையை எவ்வளவு கூட்ட முடியுமோ கூட்டு. இறுக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு டாக்டர் நிஜ ஹோல்ட்டரையும் இதையும் ஒன்றாகக் கட்டி ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்று சொல்கிற வரைக்கும் இது அத்தைக்குக்கூடக் கிடையாது. இதில் நீ அவசரப்படாதே.

ஆடி நோம்பிக்குக் குழந்தைகளோடு வா, விஜியும் வருகிறாள். இரண்டு சாம்பிளை நாளைக்குக் கூரியரில் அனுப்புகிறேன், 36-ம் 38-ம். 38-ஐ நீ போட்டுப் பார்த்து, மாரின் கீழே பட்டை இறுக்குகிறதா, கை தூக்கினால் வில்லை நகர்கிறதா என்று எழுது. வியாழனுக்குள் தெரிந்தால் அடுத்த செட் வெட்டுவதற்குள் பேட்டர்னை மாற்றிவிடலாம்.

அன்புடன்,
கௌரி