வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கால் அசதி, தொடை வலி என்று வந்து, பக்கத்து வீட்டுக்காரர் போடுகிற அதே 60,000 யூனிட் வைட்டமின் டி3 மாத்திரையைக் கேட்பவர்களில் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களே அதிகம். அவர்களுக்காகவே இந்த மடல்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைக்கும் தினசரி அளவு 600 யூனிட். ஆக, அந்த ஒரு மாத்திரையில் 100 நாள் அளவு இருக்கிறது. ரத்தத்தில் குறைவு உறுதியானவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் வாரம் ஒன்று என 8 வாரமும், பிறகு மாதம் ஒன்றும் எழுதுவார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்து, தினமும் விழுங்கிவிடுவதுதான் ஆபத்து. பி காம்ப்ளெக்ஸ் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். வைட்டமின் டி கொழுப்பில் தங்கிச் சேரும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் வரும். சிறுநீரகமே கெட்டுப்போகலாம். அதனால் அட்டையிலேயே தேதிகளைப் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் மறந்தால் நினைவு வந்த அன்று போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உடம்பில் சேராது. எண்ணெயோ நெய்யோ உள்ள மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடுவது நல்லது.

வைட்டமின் டி மிகவும் குறைந்தால் முதலில் தளர்வது இடுப்பும் தொடையும். தரையில் சம்மணமிட்டவர் கையூன்றாமல் எழ முடியாது, குழிக்குள் கால் வைத்து நெய்யும் குழித்தறியிலிருந்து மேலே வர யாராவது கை கொடுக்க வேண்டும், பஸ் படி உயரமாகத் தெரியும். உண்மையான குறைவு இருந்தால், சில வாரங்கள் முதல் சில மாதங்களில் இந்தத் தளர்ச்சி பெரும்பாலும் குறையும். ஆனால் அளவு சரியாக இருப்பவருக்கு மேலும் மேலும் கொடுத்தால் தசை வலுக்காது. 2010-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வயதான பெண்களுக்கு வருடம் ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்தபோது கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடவே செய்தன.

அதனால் '25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி' ரத்தப் பரிசோதனை முதலில். ஒரு மில்லிலிட்டரில் 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு; 20 முதல் 30 வரை போதாமை என்று பல லேப்கள் குறிக்கும். சில ரிப்போர்ட்டில் நானோமோல் கணக்கு இருக்கும், அதை 2.5-ஆல் வகுத்தால் நானோகிராம் கணக்கு வரும். மறுபரிசோதனை 3 மாதம் கழித்துப் போதும்.

வெயிலுக்குக் குறைவில்லாத சேலத்தில் வைட்டமின் டி ஏன் குறைகிறது என்று கேட்கிறீர்கள். தறிக் கூடத்திலும் கொலுசுப் பட்டறையிலும் பகல் முழுக்கக் கூரைக்குக் கீழே வேலை. ஏற்காட்டில் காப்பித் தோட்ட நிழலும் மூடுபனியும். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் கண்ணாடி வழியே வராது, காலை ஆறரை மணி வெயிலிலும் அநேகமாக இருக்காது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பயன்படும். முகமும் கைகளும் படும்படி வாரத்தில் சில நாள் 20, 30 நிமிடம் நில்லுங்கள்; கருத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். சித்திரை உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம்.

மாத்திரை தசையைக் கட்டாது. புரதமும் உழைப்பும்தான் கட்டும். 60 கிலோ எடைக்கு நாளைக்கு 60 கிராம் அளவு புரதம் நல்ல இலக்கு. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். நம்மூர் ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து, அதை நம்பாதீர்கள். சுண்டல், பயறு, தயிர், மீன் சேருங்கள். கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது: 100 கிராம் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதை, வாரம் மூன்று நாளாவது செய்யுங்கள்.

கால் வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. கொழுப்புக்கான ஸ்டேட்டின் மாத்திரையாக இருக்கலாம், தைராய்டு குறைவாக இருக்கலாம், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போட்டதால் பி12 குறைந்திருக்கலாம். எதையும் நீங்களே நிறுத்தாதீர்கள். தசை வலியோடு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

சிறுநீரகக் கல், சிறுநீரக நோய், காசநோய் உள்ளவர்களும், இதயத்துக்கான டைகாக்சின் அல்லது சிறுநீர் பெருக்கி மாத்திரை போடுபவர்களும் டி3 கேட்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். சீட்டு இல்லாமல் 60,000 யூனிட் மாத்திரை தர மாட்டோம். ரிப்போர்ட்டையும் இப்போது போடும் எல்லா அட்டைகளையும் எடுத்து வாருங்கள். எதோடு எது சேரக்கூடாது என்று பார்த்து, தேதியும் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள்,
அம்மாபேட்டை, சேலம்