டாலர் இறங்கினால் மெஷின் விலை ஏன் இறங்குவதில்லை? மதுரை பவர் டூல்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் பவர் டூல்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம்.

வில்லாபுரம் பக்கம் சின்னதாக ஒரு மரப்பட்டறை நடத்துகிறேன். ஏஜி-4 எனும் 4 அங்குல கிரைண்டர், மரத்தில் பள்ளம் எடுக்கும் ரூட்டர், சர்க்குலர் சா (வட்ட ரம்பம்), பேட்டரி டிரில் எல்லாம் உங்கள் கடைகளில் எடுத்ததுதான். விலை கூடிவிட்டதே என்றால், "டாலர் ஏறிப்போச்சுப்பா" என்கிறீர்கள். ஏறியது உண்மை. 2025 டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியதை எல்லாரும் பேப்பரில் பார்த்தோம். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் 87-க்கு மேல் போன டாலர், மே மாதத் தொடக்கத்தில் 84 பக்கம் இறங்கியதே! அப்போது எந்தக் கடையில் கிரைண்டர் விலை நூறு ரூபாய் குறைந்தது? 2013-இல் நடந்தது இதைவிடப் பெரிய கூத்து. மே மாதம் 55 ரூபாய் பக்கம் இருந்த டாலர் ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தாண்டியது, அக்டோபரில் 62-க்குள் திரும்பி வந்தது. மெஷின் விலை மட்டும் ஏறின இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய விலைக்கு எடுத்த சரக்கைப் பழைய விலைக்கே தள்ளிவிட்டால், அந்தப் பணத்தில் அடுத்த லோடு எடுக்க முடியாது. கைமுதல் கரையும். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் டாலர் இறங்கும்போது அடுத்த லோடு மலிவாகத்தானே வரப்போகிறது? அப்போது மட்டும் "இது பழைய ஸ்டாக்கு, கூட விலைக்கு எடுத்தது" என்கிறீர்கள். ஏற்றத்துக்கு நாளைய விலை, இறக்கத்துக்கு நேற்றைய விலை. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி.

அடுத்தது, இறக்குமதி மெஷின் என்றாலும் அதன் விலை முழுவதும் டாலர் கிடையாது. சரக்கு விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி, சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதத்தில் ரூபாயாக்கி, அதன் மேல் சுங்க வரி போடுகிறார்கள். அந்த வரித் தொகையில் பத்து சதவீதம் சமூக நல மேல்வரி. அத்தனைக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக, டாலர் ஏறினால் வரியும் கூடவே ஏறும், அது உங்கள் கையில் இல்லை. (ஜிஎஸ்டி எண் உள்ளவர் அந்த 18-ஐக் கழித்துக்கொள்வார். என்னைப் போன்றவனுக்கு அது முழுச் செலவு.) ஆனால் தூத்துக்குடியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் லாரி வாடகை, கடை வாடகை, பையன்கள் சம்பளம், உங்கள் லாபம் எல்லாம் ரூபாய்க் கணக்கு. ஒரு பேச்சுக்கு, 6,000 ரூபாய் மெஷினில் இறக்குமதிப் பங்கு வரியோடு 4,000 என்று வைப்போம். டாலர் 5 சதவீதம் ஏறினால் கூட வேண்டியது 200 ரூபாய். நீங்களோ மொத்தத்துக்கும் 5 சதவீதம் போட்டு 300 ஏற்றுகிறீர்கள். மிச்ச நூறு ரூபாய்க்கும் பழி டாலர் தலையில்.

யென் கதை தனி. என்னிடம் உள்ள பேட்டரி டிரில் ஜப்பான் கம்பெனிப் பெயர் போட்டது. பெட்டியைத் திருப்பினால் பொடி எழுத்தில் சீனத் தயாரிப்பு என்றிருக்கிறது, கீழே இறக்குமதியாளர் முகவரி. 2021 தொடக்கத்தில் 70 ரூபாய் இருந்த 100 யென், 2024 ஜூலையில் 52 பக்கம் வந்தது. விலை குறையுமா என்று ஒரு கடையில் கேட்டேன். "பில்லு டாலர்லதான் வருது தம்பி, யென்னுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார்கள். சரியான பதில்தான். பிறகு யென் கொஞ்சம் நிமிர்ந்ததும் அதே கல்லாவிலிருந்து, "ஜப்பான் காசு ஏறுதுல்ல!"

எம்.ஆர்.பி. இருக்கிறதே என்பீர்கள். 9,000 என்று அச்சடித்து 6,000-க்கு விற்கும் தொழிலில் அது யாருக்குக் காவல்? டிஸ்கவுண்டைக் குறைத்தாலே விலை ஏறிவிடுகிறது. இதில் சில பெட்டிகளில் பழைய விலையை மறைத்து மேலே இன்னொரு ஸ்டிக்கர் வேறு. இறக்குமதியாளர் போட்ட விலையைக் கடையில் மறைப்பதோ திருத்துவதோ 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி கூடாது.

வீட்டுக்காரரிடம் கிச்சன் கப்போர்டுக்கு ரேட் பேசி அட்வான்ஸ் வாங்கிவிட்டால், நடுவில் டாலரைக் காட்டி என்னால் ஒரு ரூபாய் கூட்ட முடியாது. அதனால் கேட்கிறேன்: எஸ்டிமேட் கொடுத்தால் எத்தனை நாளுக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதிக் கொடுங்கள். விலை ஏற்றினால் இறக்குமதிப் பங்குக்கு மட்டும் ஏற்றுங்கள், டாலர் இறங்கினால் அதே வேகத்தில் இறக்குங்கள். உள்ளூரில் செய்த, மோட்டாரில் போடும் கார்பன் பிரஷுக்கும் கட்டிங் வீலுக்கும் டாலர் கணக்குச் சொல்வதை மட்டுமாவது இந்த மாதத்திலிருந்தே நிறுத்திவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் பாக்கி வைக்காத ஒரு பட்டறைக்காரன்