சீட்டுக்கட்டு இல்லாத ஒரு வாரம்

அஸ்தம்பட்டி, சேலம்
மார்ச் 28

அன்புள்ள பங்காளிக்கு,

கடிதம் கிடைத்தது. தினமும் காலையில் வாட்ஸ்ஆப்பில் நீ அனுப்பும் ரோஜாப்பூவுக்கு உன் கோழிக்கிறுக்கல் எவ்வளவோ மேல். இரண்டு இடத்தில் எழுத்து பிடிபடாமல் வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். “அண்ணனுக்கு முட்டி வலியாம், அதுகூடவா படிக்கத் தெரியல?” என்றாள். முட்டி வலி என்று மட்டும் எழுதினால் எப்படி? ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போதா? இதைக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். மருமகளுக்கு ஏழாம் மாதம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறிவிட்டது. தினமும் முக்கால் மணி நேரம் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காந்தி ஸ்டேடியத்தில் சுற்றிச் சுற்றி வருகிறேன், செக்கு மாடு மாதிரி. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மாங்காய் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று மார்க்கெட்டில் சொல்கிறார்கள். சேலம் குண்டு வந்ததும் உனக்கு ஒரு பெட்டி உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மே மாதத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஏற்காட்டில் ஆறு பேர், மூன்று நாள், ஏரிக்குப் பக்கத்தில் காட்டேஜ். பெட்டியை இறக்கி வைத்த ஐந்தாவது நிமிடம் மற்ற நான்கு பேரும் ரம்மி ஆடக் கட்டில் விரிப்பை உருவித் தரையில் போட்டார்கள். அப்புறம் அவர்கள் எழுந்திருக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, உள்ளே சிகரெட் புகை. “ஜோக்கர் என்னடா?”, “ஃபுல் கவுண்ட் எண்பது, எழுதிக்கோ!” இதுதான் மூன்று நாள் பேச்சு. நீயும் நானும் டம்ளர் கழுவினோம், பஜ்ஜி வாங்கி வந்தோம், வராண்டாவில் உட்கார்ந்து குரங்கை விரட்டினோம். நம் வக்கீல் ஆறாயிரம் ரூபாய் தோற்றுவிட்டு, 1967லேயே சுப்ரீம் கோர்ட் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொல்லிவிட்டது என்று எனக்கு வகுப்பு எடுத்தான். திறமை ஆட்டத்தில் ஆறாயிரம் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று நீ கேட்டாயே, அதை இன்னும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சீட்டைத் தொடாதவன் என்று என்னை நீங்கள் எல்லாரும் ஐயர் ஆக்கினீர்கள். காரணத்தை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவின்போது எங்கள் தெருமுனையில் ராத்திரி மங்காத்தா நடக்கும். உள்ளே, வெளியே என்று கத்துவது எங்கள் திண்ணைவரை கேட்கும். நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் அப்பா அம்மாவின் தோட்டை அங்கே கொண்டுபோனார். திரும்பி வரவில்லை. துளை தூர்ந்துவிடக் கூடாது என்று அம்மா வேப்பங்குச்சியைக் கிள்ளிக் காதில் செருகிக்கொண்டாள். குளித்துவிட்டு வரும்போதெல்லாம் புதுக் குச்சி. நான் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அந்தக் குச்சிதான். அப்பாவை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சீட்டைக் கலைக்கும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் அந்தக் காதுதான் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவுதான், விடு.

அதனால் இந்த வருடம் நாம் நான்கு பேர் மட்டும். நீ, தங்கச்சி, நான், வீட்டுக்காரி. ஏப்ரல் கடைசியில் ஏழு நாள், என் காரில், சேலத்தைச் சுற்றி ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். உட்கார்ந்து பார்க்கும் ஊர் எதுவும் கிடையாது. எல்லா இடத்திலும் ஏறணும், இறங்கணும், நடக்கணும். மே 4ஆம் தேதி கத்திரி தொடங்கிவிடும், அதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மே மாதம் கோடை விழா வந்தால் ஏற்காட்டில் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. ஊட்டி போகலாமே என்று தங்கச்சி கேட்பாள். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று சொல். உண்மையான காரணம் வேறு, எனக்கு என் மலையே போதும்.

நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று. விடிகாலை ஐந்தரையிலிருந்து ஒன்பதுவரை உடம்புக்கு வேலை. பதினொன்றிலிருந்து நான்குவரை நிழல், சாப்பாடு, தூக்கம். இதை மீறினால் சுருண்டுவிடுவோம்.

முதல் இரண்டு ராத்திரி ஏற்காடு. அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவு, உனக்குத் தெரிந்ததுதான். காலேஜ் நாளில் ஒரு வாடகை சைக்கிளை அதில் மூன்றாவது வளைவுவரை தள்ளிக்கொண்டு போய்விட்டுத் திரும்பினோமே! இந்தத் தடவை ஏரி, படகு, லேடீஸ் சீட் எதுவும் வேண்டாம். முதல் நாள் விடியற்காலை ஊரிலிருந்து சேர்வராயன் கோயிலுக்கு நடந்தே போவோம். மலை உச்சியே கோயில்தான், 5,300 அடிக்கு மேல். அங்கே கோபுரத்தைத் தேடாதே, ஒரு குகைதான். குனிந்து உள்ளே போனால் சேர்வராயனும் காவேரியம்மனும் இருட்டில் நிற்பார்கள், மேலே பாறையிலிருந்து ஈரம் கசியும். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் சாமி. மே மாதம் அவர்கள் திருவிழா நடக்கும். கோயில் தாண்டினால் புல்வெளியும் காற்றும்தான், வேறு ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் போகிறோம்.

இரண்டாம் நாள் காப்பித் தோட்டங்களை ஒட்டிப் போகும் ரோட்டில் ஒரு சுற்று. முப்பத்திரண்டு கிலோமீட்டர் சுற்றுச் சாலை இருக்கிறது, அதில் பிடித்த இடத்தில் காரை ஓரம் கட்டிவிட்டு நடக்கலாம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820களில் இங்கே கொண்டுவந்து வைத்த செடி, இன்றைக்கு மலை முழுக்க சில்வர் ஓக் நிழலில் நிற்கிறது. நாம் போகும்போது பூவெல்லாம் உதிர்ந்து மிளகு மிளகாகப் பச்சைக் காய் பிடித்திருக்கும். காட்டெருமை குறுக்கே வந்தால் மட்டும் வீரத்தைக் காட்டாதே, நின்ற இடத்தில் நில். கிளியூர் அருவிக்குக் கூட்டிப் போக மாட்டேன். கோடையில் அது வெறும் பாறை. ஆவணிக்கு மேல் தனியாக வா, காட்டுகிறேன்.

மூன்றாம் நாள்தான் காரில் அதிக நேரம். குப்பனூர் வழியாக இறங்கி, வாழப்பாடி தாண்டி, ஆத்தூர் பக்கம் முட்டல் ஏரியில் காலாற நடை. அங்கிருந்து தம்மம்பட்டி. அங்கே தூங்குமூஞ்சி மரத்திலும் மாமரத்திலும் சாமி சிலை செதுக்குவதைப் பார்த்திருக்கிறாயா? புவிசார் குறியீடு வாங்கிய வேலை. உளியைத் தட்டும் சத்தம் தெருவெல்லாம் கேட்கும். தங்கச்சி ஏதாவது வாங்காமல் நகர மாட்டாள், அதனால் டிக்கியில் இடம் விட்டு வை. இருட்டுவதற்குள் கொல்லிமலை ஏறிவிட வேண்டும்.

கொல்லிமலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாக எழுதப் போகிறேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். பல வருடம் முன்னால் என் பழைய காரில் அங்கே இறங்கும்போது புத்தியில்லாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். முப்பத்தெட்டாவது வளைவுக்கு மேலே பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ரப்பர் கருகுகிற வாடை. வீட்டுக்காரி பின்சீட்டில் கந்த சஷ்டி கவசத்தைத் தொடங்கிவிட்டாள். எப்படியோ கியரைக் குறைத்து ஓரத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். சக்கரத்தில் ஊற்றலாம் என்று தண்ணீர் பாட்டிலை எடுத்தபோது பின்னால் வந்த மினி பஸ் டிரைவர் கத்தினார்: “ஊத்தாதீங்க சார், சூட்டுல டிஸ்க் கோணிக்கும்! அரை மணி நேரம் சும்மா நில்லுங்க. ஏறின கியர்லயே இறங்கணும்.” அரை மணி நேரம் நின்றோம். அன்றிலிருந்து இரண்டாவது கியர்தான் எனக்குக் குலதெய்வம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நடுவில் நீ வண்டி ஓட்டுகிறேன் என்று கேட்பாய். சமவெளியில் எடுத்துக்கொள், மலையில் தர மாட்டேன்.

மேலே ஆகாய கங்கை அருவி. இங்கேதான் உன் முட்டி வருகிறது. மற்ற மலைக்கோயிலில் ஏறிவிட்டு இறங்குவோம், இங்கே முதலில் இறங்கணும், களைத்த பிறகு ஏறணும். ஆயிரத்துக்கு மேல் படி, சில இடங்களில் செங்குத்து, பாசி. இறங்கும்போது தாங்குவது முட்டி, ஏறும்போது வாங்குவது மூச்சு. உனக்கு இறங்கும்போதுதான் வலி என்றால் கீழே வராதே. அறப்பளீஸ்வரர் கோயிலில் உட்கார்ந்து பக்கத்து ஆற்று மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிரு, நாங்கள் மூன்று பேரும் போய் வருகிறோம். கோடையில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுவதைத் தலையில் வாங்கிக்கொள்ள அதுவே நல்லது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்தானே வல்வில் ஓரி, அவன் மலை இது. செம்மேட்டில் சிலையாக நிற்கிறான். அன்னாசியும் பலாவும் மிளகும் சந்தையில் கிடைக்கும். இரண்டு ராத்திரி அங்கே.

ஐந்தாம் நாள் இறங்கி நாமக்கல். அந்த ஒற்றைப் பாறைக் கோட்டை சின்ன ஏற்றம்தான், வெயில் தாழ்ந்ததும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். மறுநாள் இருட்டோடு கிளம்பி சங்ககிரி. திருச்செங்கோட்டிலும் ஆயிரத்துச் சொச்சம் படி இருக்கிறது, எதை விடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். சங்ககிரிதான். வாசலுக்கு மேல் வாசலாகக் கோட்டை ஏறிக்கொண்டே போகும். தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31 அன்று தூக்கிலிட்ட இடம். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் வாங்க முடியாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் சுமந்தே ஆகணும். இறங்கி வந்ததும் தாரமங்கலம் கைலாசநாதர், நடை சாத்துவதற்குள். ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி தூணிலிருந்து பார்த்தால் ராமன் தெரிய மாட்டான். நீ ஒரு தூணில், நான் ஒரு தூணில் நின்று பார்ப்போம்.

சாயங்காலம் பூலாம்பட்டி. காவிரியில் விசைப்படகு ஏறி அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் போய் வரலாம். ஊர்க்காரர்களோடு சந்தைக்கூடையும் சைக்கிளும் கூடவே வரும். டூரிஸ்ட் படகை விட எனக்கு இதுதான் பிடிக்கும். ராத்திரி மேட்டூர். அணை நீர்மட்டம்தான் எங்கள் ஊரில் காலைப் பேப்பரில் முதலில் பார்க்கும் செய்தி. முழு அளவு 120 அடி. ஜூன் 12 அன்று திறக்கவேண்டும் என்பதால் எல்லார் கண்ணும் அதன் மேல்தான். தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தால் கடைசி நாள் காலை பண்ணவாடிப் பக்கம் போவோம். 1934ல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய ஊரின் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரியும். வெடித்த வண்டல் மேல் நந்தி வரைக்கும் நடந்தே போய்விடலாம். தண்ணீர் இருந்தால் அணையைப் பார்த்துவிட்டு மீன் சாப்பிட்டுவிட்டு வீடு. ஒகேனக்கலை வேண்டுமென்றேதான் விட்டேன். பரிசலில் உட்கார்ந்துதானே போகணும்!

வரும்போது ஷூ வாங்கிக்கொண்டு வா. ஆனால் புது ஷூவோடு வராதே, இப்போதே வாங்கி இரண்டு வாரம் தெருவில் போட்டு நடந்து பழக்கு. தொப்பி, ஒரு துண்டு, உன் மாத்திரைச் சீட்டின் போட்டோ. நொறுக்கல், தட்டுவடை செட் எல்லாம் இங்கே என் பொறுப்பு. பெட்ரோல் நாற்பது லிட்டருக்குள் முடியும், பாதிப் பணம் உன்னுடையது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வக்கீலுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. நேற்று ராத்திரி போன் செய்து, பின்சீட்டில் ஓர் ஆள் ஒண்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று கேட்டான். அவன் வீட்டில் சத்தமாம், போன வருடக் கணக்கு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. சீட்டுக்கட்டு எடுத்து வர மாட்டேன் என்று குழந்தை மாதிரி சத்தியம் செய்தான். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அவன் பெட்டியை அடிவாரத்தில் நீதான் திறந்து பார்க்கணும். முட்டி விவரத்தோடு அதையும் எழுது.

உன்,
பங்காளி