வெள்ளம் வடிந்த தூத்துக்குடிக்கு இரண்டு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளம் புகுந்த ஊருக்குச் சுற்றுலா போவது இழவு வீட்டில் விருந்து கேட்பதைப் போன்றது என்று வாசகர் ஒருவர் இந்தக் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். அவர் கோபம் புரிகிறது. ஆனால் இழவு வீட்டுக்கும் பதினாறு கழிந்தபின் நாலு பேர் போய்வந்தால்தான் அந்த வீடு பழைய நிலைக்குத் திரும்பும். நிவாரண லாரிகள் வருகிறவரை கடைக்காரருக்குச் சோறு கிடைத்துவிடும். லாரிகள் நின்று, கடன் வாங்கிச் சரக்கு போட்டுக் கடையைத் திறந்த பிறகு ஆள் வராவிட்டால்தான் அவர் பாடு திண்டாட்டம். தூத்துக்குடிக்குத் தாராளமாகப் போகலாம். எப்படிப் போவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அங்கே புயல் எதுவும் கரையைக் கடக்கவில்லை. குமரிக்கடல் பக்கம் நின்ற வளிமண்டலச் சுழற்சி ஒன்றுதான். அதற்கே காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. நம் சிவகங்கை மாவட்டத்துக்கு ஓராண்டு முழுக்கச் சேர்த்துக் கிடைப்பதே ஏறத்தாழ 90 செ.மீ.தான். கோரம்பள்ளம் குளம் உடைந்தது, தாமிரபரணி கரை புரண்டது, தூத்துக்குடித் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. வடியாததற்குக் காரணமும் உண்டு. கடல்மட்டத்தை ஒட்டிய சமதரை, நகரத்து மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் பக்கிள் ஓடையில் வாட்டம் குறைவு, போதாததற்கு ரோட்டின் மேல் ரோடு போட்டுப் பழைய வீடுகளின் வாசல் ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் நகரத்தார் தரையை உயர்த்தி, படி வைத்து வீடு கட்டினார்கள் என்று நம் பக்கம் சொல்வார்கள். கதை எப்படியோ, அந்தப் படிகளின் அருமை அங்கே போய்ப் பார்த்தால் தெரியும்.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை மாட்டுத்தாவணி. அதே நிலையத்திலேயே தூத்துக்குடி வண்டி. நிலையம் மாற வேண்டியதில்லை என்பதால் இந்த வழியே நல்லது. சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்பினால் 11 மணிக்குள் இறங்கிவிடலாம். ஏறக்குறைய 230 கி.மீ., விரைவுப் பேருந்துக்கு கி.மீ.க்கு 75 காசு என்று வைத்தால் ஒருவருக்குப் போக வர 350 ரூபாய். தேவகோட்டைக்காரர்கள் ராமநாதபுரம் போய், கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகலாம். ஆனால் அந்தத் தடத்தில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். இருவருக்குப் பேருந்து 700, அறை 1,000, இரண்டு நாள் சாப்பாடு 1,200, உள்ளூர்ப் பேருந்து, ஆட்டோ 400, கைச்செலவு 500. ஆக 3,800. நாலாயிரமாக எடுத்து வையுங்கள், அதில் ஆயிரம் ரூபாய் பத்தும் இருபதும் ஐம்பதுமாக இருக்கட்டும். மின்சாரமோ சிக்னலோ போனால் ஜிபே ஓடாது. சின்னக் கடைக்காரரிடம் ஐந்நூறுக்குச் சில்லறை கேட்பதும் நியாயமில்லை.

கட்டுச்சோறு நம் பழக்கம், விடச் சொல்லவில்லை. புளியோதரையும் தேன்குழலும் சனிக்கிழமை காலைக்கு மட்டும் போதும். அதற்குப் பிறகு எல்லா வேளையும் அங்கே கடையில் சாப்பிடுங்கள். இரவில் ‘நைட் கிளப்’ என்று போர்டு பார்த்தால் குடும்பத்தோடு திரும்பி ஓட வேண்டாம். அந்த ஊரில் பரோட்டாக் கடைக்கு அதுதான் பெயர்.

அதிகம் தவறு நடப்பது அறை எடுப்பதில்தான். வாடகை குறைவு என்று தரைத்தள அறையைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் சுவரின் அடிப்பக்கம் ஒரே மட்டத்தில் நிறம் மாறி ஒரு கோடு ஓடும். அதுதான் தண்ணீர் நின்ற மட்டம். கோட்டுக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ, பூச்சு மாவாகக் கையில் ஒட்டினாலோ உள்ளே செங்கல் இன்னும் காயவில்லை. நீர் மேலேறி வந்து காயும்போது மண்ணிலிருந்த உப்பை வெளியே தள்ளுகிறது, பெயின்ட் கொப்பளித்து உதிர்கிறது. நம் செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு இந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு உள்ளேயே அடைத்து வைக்கும். அதனால் மாதக் கணக்கில் பூஞ்சை வாடை போகாது, மூச்சிளைப்பு உள்ளவர்களுக்கு ஓர் இரவே அதிகம். அடுத்து பிளக் பாயின்ட். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பிளக்கில் எதையும் செருகாதீர்கள். பெட்டிக்குள் சேறு காய்ந்து கிடந்தால் மின்கசிவு வரும். மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லலாம். ‘டக்’கென்று விழுந்தால் வேலை செய்கிறது. மாடி அறைக்கு நூறு ரூபாய் கூடக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

குடிக்க, பல் துலக்க இரண்டுக்கும் கேன் தண்ணீர் அல்லது கொதித்து ஆறிய நீர். குழாயில் வருவது வெள்ளம் புகுந்த கிணற்றிலிருந்தோ தரைத்தொட்டியிலிருந்தோ ஏறியதாக இருக்கலாம். காலில் புண், பித்தவெடிப்பு இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கவே கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். கொசுவத்தி அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை பகலுக்குப் பனிமய மாதா கோயில், பழைய துறைமுகம், மாலையில் கடற்கரை. இதற்கு வழிகாட்டி தேவையில்லை. தீவுக்குப் படகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்குங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் காலடி வைக்கக் கூடாது.

ஞாயிறு காலையைத்தான் சரியாகச் செலவழிக்க வேண்டும். விடியுமுன் திருச்செந்தூர் வண்டியில் ஏறி முள்ளக்காட்டில் இறங்கினால் உப்பளம். வேலை விடியலிலேயே தொடங்கிவிடும், வெயில் ஏறுமுன் போவது நல்லது. மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிய களிமண் தரைதான் உப்புப் பாத்தி. வெள்ளம் அதன் மேல் சேற்றைப் படிய வைத்துவிட்டுப் போகும். சேற்றை வழித்து, தரையைக் காயவிட்டு, மறுபடி மிதித்து இறுக்கி, பிறகுதான் உப்புநீர் பாய்ச்ச முடியும். நீரின் உப்படர்த்தியைக் காட்டும் பூமே அளவில் மூன்றரை டிகிரிக்குள் இருக்கும் கடல்நீர் வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு பூக்கத் தொடங்கும். 29-ஐத் தாண்டினால் மிச்ச நீரை வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு கசக்கும். நடுவில் ஒரு மழை பெய்தால் டிகிரி இறங்கிவிடும். இவ்வளவு பாடு இருப்பதால் வரப்பிலேயே நில்லுங்கள். படத்துக்காக ஒருவர் பாத்திக்குள் கால் வைத்தால், அந்தத் தடத்தில் களிமண் கிளம்பி உப்போடு கலந்து பழுப்பாகும், விலை குறையும்.

அங்கிருந்து ஆத்தூர். புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை ஊர். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் கொடி இது, மறுபடி வைத்துப் பறிக்க மாதங்கள் ஆகும். நம் வீட்டு விசேஷங்களுக்கு வெற்றிலை இல்லாமல் ஆகாது. ஒரு கவுளி வாங்கி, பாலிதீன் பையில் போடாமல் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். அடுத்து ஏரல். கடைவீதி முழுக்க முங்கி எழுந்த ஊர். ஒரு சட்டையோ பாத்திரமோ எதுவானாலும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இங்கே வாங்குங்கள். பேரம் பேசலாம், வெள்ளத்தில் நனைந்த சரக்கா என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். பெருங்குளம் வழியாக ஸ்ரீவைகுண்டம் சேர்ந்தால் நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயில்களில் இரண்டு ஆயிற்று. ஒன்பதையும் பேருந்தில் அரைநாளில் முடிக்க நினைத்தால் நடுவழியில் நிற்பீர்கள். நடை 12 மணிவாக்கில் சாத்திவிடும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு சிக்கி நின்றது இங்கேதான். அப்பால் ஜல்லி அரித்துப் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. தங்கள் ஊரும் தண்ணீரில் கிடக்கையில், இருந்த அரிசியைப் பொங்கி அந்தப் பயணிகளுக்குப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி மக்கள். அந்த ஊர் டீக்கடையில் பத்து நிமிடம் உட்காருவது நம் நிரலில் இருக்கட்டும். ஒரு குழப்பம் வேண்டாம்: தூத்துக்குடியில் பேருந்துப் பலகையில் ‘புதுக்கோட்டை’ என்று பார்த்ததும் நம்ம ஊர் வண்டி என்று ஏறிவிடாதீர்கள். நெல்லை ரோட்டில் அதே பெயரில் ஒரு ஊர் இருக்கிறது.

படம் எடுப்பது பற்றி. கானாடுகாத்தானில் கேட்காமல் கேமராவோடு வீட்டின் உள்முற்றமான வளவுக்குள் நுழைகிறவரைப் பார்த்து ஆச்சிமார் முகம் சுளிப்பார்கள் அல்லவா? இடிந்த சுவரும் வீட்டுக்குள் காய்கிற பாயும் அதே மாதிரி ஒருவருடைய வளவுதான். பழைய துணி மூட்டையும் வேண்டாம். அளவு பார்க்காமல் கட்டிய மூட்டையைப் பிரித்து, அடுக்கி, மிச்சத்தை அப்புறப்படுத்துவது அவர்களுக்கு இன்னொரு வேலை.

தூத்துக்குடியின் பேர்பெற்ற இனிப்பான மக்ரூனைக் கடைசியாக வாங்குங்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். கடற்காற்றின் ஈரம் பட்டால் ஒரே மணி நேரத்தில் பிசுபிசுக்கும், பையின் அடியில் போனால் தூள். மூடி இறுகிய டப்பாவை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். விரதம் இருப்பவர்களுக்கு முட்டை என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. மூன்று மணிக்குத் தூத்துக்குடியில் ஏறினால் ஆறரைக்கு மாட்டுத்தாவணி, ஒன்பதுக்குக் காரைக்குடி.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளத்தின்போது முழங்கால் தண்ணீர்ப் படங்களை முதல் பக்கத்தில் போட்டீர்கள், சரி. மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மட்டுமாவது வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிறு கட்டத்தில் எந்தப் பாலம் திறந்திருக்கிறது, எந்தத் தடத்தில் பேருந்து சுற்றிப் போகிறது, எந்த ரயில் ரத்து என்று போடுங்கள். 2023 வெள்ளத்தில் ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலை அரித்துப் போனதுபோல் மறுபடி நடந்து, அது தெரியாமல் ஆற்றுக்குத் தெற்கே உள்ள குரும்பூரில் இறங்கினால் ஆற்றின் இக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
காரைக்குடி வாசகர்